மலையும் நீரும் எட்டும் தூரத்தில்: வெளிநாட்டில் வாழ நகரம் தேர்ந்தெடுத்தல்

வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ வெளிநாடு செல்லத் திட்டமிடுபவர்களுள், மலைநடை, பாறையேற்றம், சைக்கிள், பனிச்சறுக்கு, கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில் செல்லுதல் ஆகியவற்றை வாரந்தோறும் செய்யும் பழக்கமாக ஆக்கிக்கொள்ள விரும்புவோருக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது. வேலை வாய்ப்பும் விசாவும் பெரும்பாலும் நாட்டைத் தீர்மானித்துவிடுகின்றன என்றாலும், அந்த நாட்டுக்குள் எந்த நகரம், அந்த நகரத்துக்குள் எந்தப் பகுதி என்ற தேர்வு பலருக்கும் திறந்தே இருக்கிறது. அந்தத் தேர்வைப் பதற்றமின்றி, வரிசையாகச் செய்யும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

அளவுகோல்: ஒரு புதன்கிழமை மாலை

சுற்றிப் பார்க்க ஏற்ற நகரமும் குடியிருக்க ஏற்ற நகரமும் பல நேரங்களில் வெவ்வேறானவை. சுற்றுலாப் பயணி ஆண்டின் சிறந்த பருவத்தில், முழு நாளும் கையில் இருக்கும்போது வருகிறார். குடியிருப்பவராலோ எல்லாப் பருவங்களிலும், வேலை முடிந்து எஞ்சிய நேரத்தில் மட்டுமே வெளியே போக முடிகிறது. ஆண்டுக்கு 52 வார இறுதிகள் இருந்தாலும் மழை, உடல்நலக் குறைவு, வீட்டு வேலை, விருந்தினர் வருகை ஆகியவை அவற்றில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. எனவே வார இறுதியை மட்டும் நம்பியிருப்பவரின் பழக்கம் பெரும்பாலும் முதல் குளிர்காலத்திலேயே தளர்ந்துவிடுகிறது.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே கேள்வி அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது: ஆண்டின் மிக மோசமான மாதத்தில், ஒரு சாதாரணப் புதன்கிழமை மாலை, அலுவலகம் முடிந்த பிறகு, அந்த நகரவாசி எங்கே போய் என்ன செய்ய முடியும்? இதற்குத் தெளிவான விடை கிடைக்கும் நகரம், புகழ்பெற்ற சிகரம் எதுவும் அருகில் இல்லாவிட்டாலும், நல்ல தேர்வு. விடை கிடைக்காத நகரம், எவ்வளவு அழகிய மலைத்தொடரின் அடிவாரத்தில் இருந்தாலும், ஐயத்துக்குரியது.

தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டியவை

1. முதன்மைச் செயல்பாடு எது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை செய்ய ஆசைப்படுவதையும் வாரம் இருமுறை செய்யத் தயாராக இருப்பதையும் பிரித்துப் பார்த்து, இரண்டாவதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். பனியையே இதுவரை கண்டிராதவர் பனிச்சறுக்கை மையமாக வைத்து நகரம் தேர்ந்தெடுப்பது பொருத்தமன்று. நடை, சைக்கிள், நீச்சல் ஆகியவற்றுக்கு வசதியுள்ள நகரத்தைத் தேர்ந்து, பனிச்சறுக்கை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

2. உடன் வருவோரின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ நடந்து எட்டும் தூரத்தில் பூங்காவும் நீச்சல் குளமும் இல்லாத ஊரில், ஒருவர் மட்டும் ஞாயிறுதோறும் மலைக்குப் போய்வருவது நீண்ட நாள் நடக்கிற காரியம் ஆகாது.

3. முதல் ஓராண்டுக்குக் கார் இருக்குமா, இருக்காதா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஜெர்மனியில் குடியேறியவர் இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதங்களுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். அதன்பின் எழுத்துத் தேர்விலும் வாகனம் ஓட்டும் தேர்விலும் தேறி ஜெர்மன் உரிமம் பெற வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உரிமத்தை மாற்றிக்கொள்ள 90 நாட்கள் அவகாசம் உண்டு. எனவே புறப்படும்போது கார் இல்லை என்றே கணக்கிட்டு, ரயிலும் பேருந்தும் மலைப்பாதையின் தொடக்கம் வரை செல்லும் நகரங்களுக்கு முன்னுரிமை தருவது நல்லது.

தேர்வின் படிகள்

படி 1: மோசமான மாதத்தைக் கண்டறிதல்

ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு மோசமான மாதம் உண்டு. அது எல்லா இடங்களிலும் டிசம்பராக இருப்பதில்லை. முதலில் பகல் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 60 பாகை வட அகலாங்கில் இருக்கும் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் டிசம்பர் 21ஆம் தேதி பகல் ஆறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு; வான்கூவரிலும் மியூனிக்கிலும் அது எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அதிகம் மாறாமல் இருப்பதைப் பார்த்துப் பழகியவருக்கு, பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் மாதங்கள் உடலையும் மனநிலையையும் எவ்வளவு பாதிக்கும் என்பது அனுபவிக்கும் வரை தெரிவதில்லை.

அடுத்தது மழை. இங்கே ஆண்டு மொத்த அளவு ஏமாற்றக்கூடியது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். வான்கூவர் விமான நிலையத்தில் அது சுமார் 1,200 மில்லிமீட்டர்தான். ஆனால் சென்னையில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வான்கூவரிலோ அக்டோபர் முதல் மார்ச் வரை தூறலாகவும் சாரலாகவும் நீள்கிறது. நவம்பரில் சுமார் இருபது நாட்கள் மழை நாட்களாகவே கழிகின்றன. நகரின் வடக்கே எழும் மலைச்சரிவுகளில், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டுக் குளிர்வதால், விமான நிலையத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு மழை பெய்கிறது. எனவே மில்லிமீட்டரைப் பார்ப்பதைவிட, மாதவாரியாக மழை நாட்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதே சரியான முறை.

மூன்றாவது காற்றின் தரம். மேற்குக் கனடாவிலும் மேற்கு அமெரிக்காவிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீப் புகை நகரங்களை மூடுவது சில ஆண்டுகளில் நேர்கிறது; 2020 செப்டம்பரில் எல்லை தாண்டி வந்த புகையால் வான்கூவர் மக்கள் நாள் கணக்கில் வீட்டுக்குள் இருக்க நேர்ந்தது. சால்ட் லேக் சிட்டியின் சிக்கல் குளிர்காலத்தில் வருகிறது. மேலே வெப்பமான காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் படிந்து பள்ளத்தாக்கை மூடிபோல அடைத்துவிடும் இந்நிலை வெப்பநிலைத் தலைகீழ் எனப்படுகிறது. வாகனப் புகையும் தூசியும் அந்த மூடியின் கீழ் நாட்கணக்கில் தேங்கிவிடும். மலைமேல் தெளிந்த வெயில் அடிக்கும்போதே நகருக்குள் ஓடுவதும் சைக்கிள் ஓட்டுவதும் நுரையீரலுக்குக் கேடாகிவிடுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் படியைத் தவறாமல் செய்ய வேண்டும்.

குறிப்பு: குளிர் மட்டும் ஒரு நகரத்தை நிராகரிக்கப் போதிய காரணம் ஆகாது. கனடாவின் கால்கரியில் ஜனவரியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்குவதுண்டு. ஆயினும் அங்கு வெயில் நாட்கள் அதிகம், மேலும் ராக்கி மலைகளைக் கடந்து வரும் சினூக் என்னும் வெப்பக் காற்று சில மணி நேரத்துக்குள் வெப்பநிலையைப் பதினைந்து பாகைக்கும் மேல் உயர்த்திவிடக்கூடியது. உலர்ந்த குளிருக்கு உடை உண்டு. மாதக்கணக்கில் நீளும் ஈரத்துக்கு மனஉறுதிதான் வேண்டும்.

படி 2: புதன்கிழமைச் சோதனை

வரைபடத்தில் அலுவலகம் அமையக்கூடிய இடத்தைக் குறித்து, அங்கிருந்து மாலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டால் பொதுப் போக்குவரத்தில் எந்த இடத்தை எப்போது அடையலாம் என்று உண்மையான கால அட்டவணையை வைத்துக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக வான்கூவரைக் கொள்ளலாம். நகர மையத்திலுள்ள வாட்டர்ஃபிரண்ட் நிலையத்திலிருந்து சீபஸ் என்னும் பயணிகள் படகு சுமார் பன்னிரண்டு நிமிடங்களில் வடகரையிலுள்ள லான்ஸ்டேல் கீ துறையை அடைகிறது. அங்கிருந்து 236ஆம் எண் பேருந்து கிரௌஸ் மலையடிவாரத்துக்குச் செல்கிறது. கிரௌஸ் கிரைண்ட் என்ற பாதை அங்கேதான் தொடங்குகிறது. சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரம் ஏறும் இப்பாதை, மரவேர்களும் கற்படிகளும் நிறைந்த செங்குத்தான காட்டு வழி. ஏறுவதற்கு மட்டுமே அனுமதி உண்டு, இறங்குவதற்குக் கட்டணம் செலுத்திக் கம்பிவண்டியில் வர வேண்டும். கோடை மாலையில் அலுவலகப் பையுடன் வந்து உடைமாற்றிக்கொண்டு ஏறுபவர்களை அங்கே பார்க்கலாம். குளிர்காலத்தில் அப்பாதை மூடப்பட்டுவிடும்; அப்போது கிரௌஸ், சைப்ரஸ், சீமோர் ஆகிய மூன்று மலைகளிலும் விளக்கொளியில் இரவுப் பனிச்சறுக்கு நடக்கிறது. மலைக்கே போக விரும்பாத நாளில், நகரத்தை ஒட்டிய ஸ்டேன்லி பூங்காவைச் சுற்றிக் கடலோரமாகச் செல்லும் பாதை சைக்கிளுக்கும் நடைக்கும் இருக்கிறது. புதன்கிழமைச் சோதனையில் வான்கூவர் பெறும் உயர்ந்த மதிப்பு இந்த வரிசையால் வருகிறது. அதன் மழையை மீறி அந்த நகரத்தைப் பரிந்துரைக்கத் தோன்றுவதும் இதனால்தான்.

ஆஸ்லோவின் நிலை இன்னும் வலுவானது என்றே சொல்ல வேண்டும். நகரைச் சூழ்ந்த காடுகள் மார்கா எனப்படுகின்றன. 2009ஆம் ஆண்டின் மார்கா சட்டம் அவற்றின் எல்லையை வரையறுத்துக் கட்டட விரிவாக்கத்திலிருந்து காக்கிறது. மெட்ரோவின் 1ஆம் வழித்தடம் மேட்டில் ஏறி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்திலுள்ள ஃப்ரொக்னர்செடெரன் நிலையத்தில் முடிகிறது. ஜனவரி மாலையில் அந்த ரயிலில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் சிறு சறுக்குவண்டிகளையும் கையில் பிடித்தபடி பயணிகள் நிற்பது அன்றாடக் காட்சி. காட்டுக்குள் செல்லும் பல தடங்களில் மின்விளக்குகள் இருப்பதால், பகல் ஆறு மணி நேரமே உள்ள மாதத்திலும் வேலைக்குப் பின் சறுக்க முடிகிறது. அந்நிலையத்திலிருந்து கோர்க்கெட்ரெக்கெரன் என்னும் சறுக்குவழியில் சுமார் இரண்டு கிலோமீட்டர் கீழே மிட்ஸ்டூவன் நிலையம் வரை சறுக்குவண்டியில் வந்து, மீண்டும் மெட்ரோவில் மேலேறிச் செல்வது குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏற்றது. இருளை மாற்ற முடியாத ஊர் இருளிலும் வெளியே போகும் வழியை அமைத்துக்கொண்டிருப்பதை இங்கே காண முடிகிறது. நகரம் தேர்ந்தெடுப்பவர் தேட வேண்டிய அடையாளம் அது.

மற்ற நகரங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் நகர மையத்திலிருந்து ரயிலும் கம்பிவண்டியும் மாறி அரை மணி நேரத்துக்குள் சுமார் 2,250 மீட்டர் உயரத்திலுள்ள ஹாஃபெலேகர் நிலையத்தை அடையலாம் என்றாலும், மாலைச் சேவை எப்போது முடிகிறது என்பதைப் பார்த்தே அதைப் புதன்கிழமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்குத் தெற்கே நகரை ஒட்டியே போர்ட் ஹில்ஸ் குன்றுகள் இருக்கின்றன. அங்கு ஆண்டு மழை சராசரியாக 650 மில்லிமீட்டருக்கும் குறைவு. மியூனிக்கில் வாரநாளுக்கு இசார் ஆற்றோரப் பாதைகளே போக்கிடம், ஆல்ப்ஸ் வார இறுதிக்குரியது. கால்கரியும் இவ்வாறே: வாரநாளில் போ ஆற்றங்கரை, வார இறுதியில் ராக்கி மலைகள்.

படி 3: வார இறுதியின் உண்மையான தொலைவு

வரைபடம் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கும் ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கும் புறப்பட்டால் எவ்வளவு ஆகும் என்று தனித்தனியே பார்க்க வேண்டும். டென்வரிலிருந்து மலைக்குச் செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலையும், மியூனிக்கிலிருந்து தெற்கே செல்லும் ஏ8 சாலையும் பனிச்சறுக்குப் பருவத்தில் நெரிசலுக்குப் பெயர் பெற்றவை. மியூனிக்கிலிருந்து கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷென் ஊருக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நெரிசல் நாளில் ரயிலே முந்துகிறது.

சாலையைத் தவிர அனுமதியும் நேரத்தைத் தின்கிறது. பான்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள மொரேன் ஏரிச் சாலையில் 2023 முதல் தனியார் கார்கள் அனுமதிக்கப்படுவதில்லை. பேருந்தில் முன்பதிவு செய்தே போக வேண்டும். கால்கரிக்கு அருகிலுள்ள கனனாஸ்கிஸ் பகுதியில் 2021 முதல் வாகன நிறுத்தத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியுள்ளது. வான்கூவரிலிருந்து விஸ்லர் செல்லும் 99ஆம் எண் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். இத்தகைய விதிகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்குரிய செலவையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

படி 4: நிலத்தில் நடக்கும் உரிமை

மலை அருகில் இருப்பது மட்டும் போதாது, அதில் நடக்கச் சட்டம் இடம் தர வேண்டும். தமிழ்நாட்டில் காப்புக்காடுகளுக்குள் மலையேறச் செல்பவர் வனத்துறையின் அனுமதியையும் வழிகாட்டியையும் நாட வேண்டியிருப்பதால், நுழைவாயிலில் ஒருவர் இருப்பார், அபாயம் என்றால் தடுப்பார் என்ற எதிர்பார்ப்பு பலருக்கும் இயல்பாகவே உண்டு. நார்வேயில் நிலை நேர்மாறானது. 1957ஆம் ஆண்டின் திறந்தவெளி வாழ்க்கைச் சட்டப்படி, பயிரிடப்படாத நிலத்தில், அது தனியாருடையதாக இருந்தாலும், எவரும் நடக்கலாம். குடியிருப்பு வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிக் கூடாரமும் அடிக்கலாம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இயற்கையை அனுபவிக்கும் உரிமை அரசமைப்பின் 141ஆம் பிரிவிலேயே இடம்பெற்றுள்ளது. நியூசிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதுப் பாதுகாப்பு நிலமாக இருக்கிறது. அமெரிக்காவிலோ தனியார் நிலத்தில் அனுமதியின்றிக் கால்வைப்பது அத்துமீறலாகும். அங்கே தேசியக் காடுகளும் பூங்காக்களும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை: உரிமை விரிவாக இருக்கும் நாட்டில் தடுப்பவர் இல்லை என்பதால், வானிலையைப் பார்ப்பதும் திரும்பிவிட முடிவெடுப்பதும் முழுக்க நடப்பவரின் பொறுப்பாகிவிடுகின்றன. நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் தீ மூட்டுவதற்குப் பொதுத் தடை உண்டு என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

படி 5: மீட்பும் காப்பீடும்

விபத்து நேர்ந்தால் யார் வருவார்கள், அதற்கு யார் பணம் கட்டுவார்கள் என்ற இரு கேள்விகளுக்கும் விடை காண வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தன்னார்வலர்களைக் கொண்ட மீட்புக் குழுக்கள் கட்டணம் வாங்குவதில்லை. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்பு செலவுமிக்கது என்பதால், ரேகா என்னும் வான்வழி மீட்பு அமைப்பின் ஆதரவாளராகச் சேர்வது அங்குள்ளவர்களின் வழக்கம். 1869இல் மியூனிக்கில் தொடங்கப்பட்ட ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்பவருக்கு மலை மீட்புக் காப்பீடும் சேர்ந்தே கிடைக்கிறது. மலைக்குடில்களில் தங்கக் கட்டணச் சலுகையும் உண்டு. நியூசிலாந்தில் விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவைப் பொது விபத்து இழப்பீட்டு அமைப்பு ஏற்கிறது. வேலை தரும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு மலையேற்றத்தையும் பனிச்சறுக்கையும் விலக்கியிருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படித்துவிட வேண்டும்.

படி 6: செலவும் கருவிகளும்

வான்கூவர், சூரிக் போன்ற நகரங்களில் வாடகை மிக உயர்ந்தது. வாடகைக்குப் பின் எஞ்சும் தொகையில்தான் ரயில் சீட்டும் பனிச்சறுக்கு அனுமதியும் வாங்க வேண்டும் என்பதால், வருமானத்தைக் கணக்கிடும்போதே மாதந்தோறும் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். கருவிகளை முதலாண்டில் வாங்காமல் வாடகைக்கு எடுப்பது நல்லது. நார்வேயில் பூஆ என்ற அமைப்பு விளையாட்டுக் கருவிகளை இலவசமாகவே இரவல் தருகிறது. எந்தச் சூழ்நிலையிலும் பழையதாக வாங்கக் கூடாதவை இரண்டு: தலைக்கவசம், பாறையேற்றக் கயிறு. அவற்றின் உட்சேதம் கண்ணுக்குத் தெரியாது.

படி 7: மோசமான மாதத்தில் தங்கிப் பார்த்தல்

இறுதிப் பட்டியலில் இரண்டு நகரங்கள் எஞ்சும்போது, முடிந்தால் இரண்டிலும் அவற்றின் மோசமான மாதத்திலேயே சில நாட்கள் தங்க வேண்டும். விடுமுறை போல நாளைக் கழிக்காமல், வேலை நேரம் முழுவதும் அறையிலோ நூலகத்திலோ இருந்துவிட்டு, மாலையில் மட்டும் வெளியே போய்ப் பார்ப்பது இதன் முறை. பயணம் இயலாதவர்கள் முதல் வீட்டு ஒப்பந்தத்தைக் குறுகிய காலத்துக்குச் செய்துகொள்ளலாம்.

அடிக்கடி நேரும் தவறுகள்

சிகரத்தின் உயரத்தைப் பார்த்து நகரத்தை மதிப்பிடுவது முதல் தவறு. 871 மீட்டர் மட்டுமே உயரமுள்ள யூட்லிபெர்க் குன்றுக்கு சூரிக் மக்கள் புறநகர் ரயிலில் போய்வருகிறார்கள். அன்றாடம் ஏறப்படுவது பெரும்பாலும் இத்தகைய குன்றுகளே.

இரண்டாவது தவறு தனியாகத் தொடங்குவது. புதிய ஊரின் பனி, பாறை, அலை ஆகியவற்றை நூலிலிருந்து கற்க முடியாது. 1868இல் தொடங்கப்பட்ட நார்வே மலைப்பயணச் சங்கம், கனடிய ஆல்பைன் சங்கம், நியூசிலாந்து ஊர்களிலுள்ள நடைச் சங்கங்கள் ஆகியவை புதியவர்களுக்கென எளிய பயணங்களை நடத்துகின்றன. இவற்றில் சேர்வதால் கிடைக்கும் நட்பும் சிறிதன்று. அறிமுகமற்ற ஊரின் முதல் குளிர்காலத்தை அதுவே தாங்கிக்கொள்ள வைக்கிறது.

மூன்றாவது, ஊரின் குறியீடுகளைக் கற்காமல் பாதையில் இறங்குவது. சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறி எளிய நடைவழியையும், வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைவழியையும், வெள்ளை-நீலம்-வெள்ளைக் கோடு கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படக்கூடிய உயர்மலை வழியையும் குறிக்கின்றன. நிறத்தைக் கவனியாமல் நீலக்கோட்டைப் பின்தொடர்பவர் பாதுகாப்பற்ற பாறைச்சரிவில் சிக்கிக்கொள்ளக்கூடும்.

நான்காவது தவறு நகரத்தை ஒட்டிய மலையை எளிதென்று எண்ணுவது. வான்கூவரின் வடகரை மலைகளில் வழிதவறியவருக்குக் கீழே நகரத்தின் விளக்குகள் தெளிவாகத் தெரியும். வீடு அருகில்தான் என்ற எண்ணத்தில் ஓடையைப் பிடித்து நேராக இறங்கத் தொடங்குவார். அந்த ஓடைகள் போகப்போகக் குறுகி, வழுக்கும் பாறைகளிலும் அருவிகளிலும் சென்று முடிகின்றன. மேலேறவும் முடியாமல் கீழிறங்கவும் முடியாமல் நனைந்த உடையுடன் இரவைக் கழிக்க நேர்கிறது. வழி தவறியது தெரிந்தவுடன் நின்றுவிட வேண்டும். வந்த வழி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் திரும்ப வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே இருந்து அவசர எண்ணை அழைத்து, உடலைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாண்டுப் பாதுகாப்பு

1. பயணத் திட்டத்தை ஒருவரிடம் விட்டுச் செல்ல வேண்டும். எங்கே போவது, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது, அந்நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைப்பது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

2. பருத்தி உடையைத் தவிர்க்க வேண்டும். நனைந்த பருத்தி உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் வெப்பம் காக்கும் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என்ற வரிசையே உகந்தது. வியர்க்கத் தொடங்குமுன் ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும், வியர்வையும் ஈரமே.

3. குளிர்நீரை மதிக்க வேண்டும். பனி உருகி நிறையும் ஏரிகள் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சிரைப்பைக் கட்டுப்படுத்துவதற்கும், அடுத்த பத்து நிமிடங்கள் கைகால்கள் இயங்கும்போதே வெளியேறுவதற்கும் உரியவை. உடல் வெப்பம் இழந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஒன்று, பத்து, ஒன்று என்று கனடாவில் கற்பிக்கப்படும் இந்த விதி, மிதவைச் சட்டை அணிந்தவருக்கே பயன்படும். அணியாதவர் முதல் நிமிடத்திலேயே மூழ்கிவிடக்கூடும்.

4. பனிச்சரிவுப் பகுதிக்குப் பயிற்சியின்றிப் போகக் கூடாது. அபாய அறிவிப்பு ஐந்து நிலைகளில் வெளியாகிறது. நடுநிலையான மூன்றைச் சராசரி என்று புரிந்துகொள்வது உயிரைப் பறிக்கும் பிழை, ஏனெனில் பல இறப்புகள் அந்நிலையிலேயே நேர்கின்றன. புதையுண்டவரை முதல் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், குழுவில் ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

5. இடத்துக்குரிய ஆபத்தைத் தனியே கற்க வேண்டும். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் உண்ணிக் கடியால் மூளையழற்சி பரவுகிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு. கொலராடோவின் உயர்ந்த சிகரங்களில் கோடைப் பிற்பகல்களில் இடிமின்னல் வழக்கமானது என்பதால், நண்பகலுக்கு முன்பே உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும். நியூசிலாந்தில் பாலமில்லாத ஆறுகள் மழைக்குப் பின் சில மணி நேரத்தில் கடக்க முடியாதவை ஆகிவிடும். நீர் வடியும் வரை காத்திருப்பதற்கு ஒரு நாள் உணவைக் கூடுதலாக எடுத்துச் செல்வது அங்குள்ள நல்ல வழக்கம். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆல்பெர்ட்டாவிலும் கரடி விரட்டும் தெளிப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல.

6. அவசர எண்களைப் புறப்படுமுன்னரே பதிந்துகொள்ள வேண்டும்: ஐரோப்பா முழுவதும் 112, ஆஸ்திரிய மலை மீட்புக்கு 140, ரேகாவுக்கு 1414, வட அமெரிக்காவில் 911, நியூசிலாந்தில் 111. அலைபேசி இயங்காத இடத்தில், ஆல்ப்ஸ் மலைகளில், ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஒலியோ ஒளியோ எழுப்பி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் எழுப்புவது உதவி கேட்கும் முறை. நிமிடத்துக்கு மூன்று முறை வரும் மறுமொழி, செய்தி கிடைத்துவிட்டது என்பதைக் குறிக்கும்.

நகரத்துக்குள் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தல்

நகரம் முடிவானபின், அலுவலகத்துக்கும் மலைக்கும் இடையில் வீடு பார்ப்பதே விதி. வான்கூவரில் லான்ஸ்டேல் துறையைச் சுற்றிய வடகரைப் பகுதி, ஆஸ்லோவில் மார்காவை நோக்கிச் செல்லும் மெட்ரோ வழித்தடத்தின் ஏதேனும் ஒரு நிலையம், மியூனிக்கில் இசார் ஆற்றை ஒட்டிய தெற்குப் பகுதிகள், கிறைஸ்ட்சர்ச்சில் போர்ட் ஹில்ஸ் அடிவாரம் ஆகியவை இவ்வகையில் கவனிக்கத்தக்கவை. அறை ஒன்று குறைந்தாலும் நடந்து எட்டும் தூரத்தில் பாதை தொடங்கும் வீட்டையே எடுப்பது நல்லது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது பொதுவாக எவரும் கேட்காத சில கேள்விகளைக் கேட்க வேண்டும். சைக்கிளைப் பூட்டி வைக்க உள்ளிடம் உண்டா? ஜெர்மனியின் அடுக்குமாடிகளில் வழக்கமாகத் தரப்படும் நிலவறைக் கூண்டு இந்த வீட்டுக்கும் உண்டா, அது உலர்ந்திருக்கிறதா? சேறு படிந்த காலணியைக் கழற்றிக் கழுவ வாசலருகே இடம் இருக்கிறதா? நனைந்த கூடாரத்தையும் மேலங்கியையும் விரித்து உலர்த்தப் போதிய காற்றோட்டம் இருக்கிறதா, அல்லது வீட்டுக்குள் துணி உலர்த்துவதை ஒப்பந்தம் தடுக்கிறதா? மழை நகரங்களில் உலராத உடை அடுத்த நாளின் பயணத்தைத் தள்ளிப்போடச் செய்வதோடு, சுவரில் பூஞ்சை பிடிக்கவும் காரணமாகி, முன்பணத்திலிருந்து பிடித்தம் செய்யப்படுவதில் போய் முடியக்கூடும் என்பதால், இந்தக் கேள்விகளுக்கான விடையை எழுத்தில் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும்.